காருக்குள் துடிக்கும் இதயம்!

மே மாத விடுமுறையில் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று மலைக்குப் போயிருக்கிறீர்களா குட்டீஸ்? வளைந்து வளைந்து ஏறும் அந்தப் பாதையில், பானெட்டைத் திறந்து போட்டுவிட்டு ஓரமாக நிற்கும் கார்களைப் பார்த்திருப்பீர்கள். உள்ளேயிருந்து புகை மாதிரி ஏதோ வரும். அது புகை அல்ல, நீராவி!

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது அப்படி நின்ற ஒரு காருக்குள் நானும் இருந்தேன். அப்பாவின் நண்பர் ஒருவருடைய பழைய கார் அது. அவரை நாங்கள் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவோம். கொடைக்கானல் மலைப்பாதையில் பாரம் ஏற்றிய ஒரு லாரிக்குப் பின்னால் அரை மணி நேரமாக ஊர்ந்துகொண்டிருந்தோம். திடீரென்று 'புஸ்ஸ்ஸ்...' என்று சத்தம். முன் கண்ணாடி முழுக்க வெள்ளையாக ஆவி!

பெரியப்பா காரை ஓரம் கட்டினார். இன்ஜினை நிறுத்தினார். பானெட்டைத் திறந்தார். தோளில் கிடந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார். அப்போது எதிரே இறங்கி வந்த லாரி ஒன்று சரக்கென்று நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி ஒரு கத்து கத்தினார்.

"சார்! கையை எடுங்க! மூடியைத் தொடாதீங்க!"

பெரியப்பா திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டார். லாரி டிரைவர் இறங்கி வந்து, தன் இடது கையை நீட்டிக் காட்டினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பழைய தீக்காயத் தழும்பு.

"கிளீனரா இருந்தப்ப ஒரு வண்டியில திறந்தேன் சார். அதோட பரிசு இது. அரை மணி நேரம் ஆறட்டும். அப்புறம் திறக்கலாம்."

நாங்கள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். நடுவில் பெரியப்பா சாவியைப் பாதி திருகி, சூடு காட்டும் முள்ளைப் பார்த்தார். அது முன்பு இருந்ததைவிட இன்னும் மேலே ஏறியிருந்தது!

"இன்ஜினைத்தான் நிறுத்திட்டோமே... அப்புறம் எப்படிச் சூடு ஏறும்?" என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. குரங்குகள் கடலைப் பொட்டலத்தைப் பிடுங்க வந்ததில் அந்தக் கேள்வியை எல்லாரும் மறந்துவிட்டார்கள். நான் மட்டும் மறக்கவில்லை. பதில் எனக்குக் கிடைக்கப் பல வருடங்கள் ஆயின. அந்தப் பதில் ஒரு சின்னப் பம்புக்குள் இருந்தது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

உள்ளே எரியும் அடுப்பு

கார் இன்ஜின் என்பது ஓர் இரும்பு அடுப்பு. அதன் சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும் கணத்தில், அந்த வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியசைத் தாண்டும். ஆனால் பல இன்ஜின்களில் முக்கிய பாகங்கள் அலுமினியத்தில் செய்தவை. அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும்! அப்படியானால் கார் ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில் இன்ஜின் வெண்ணெய் மாதிரி உருகி ஓட வேண்டுமே? ஓடாததற்குக் காரணம், அதன் சுவர்களுக்குள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும் தண்ணீர்.

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போமா? ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள வெப்பத்தை முழுவதும் பிடித்து வைக்க முடிந்தால், குழாயில் வரும் தண்ணீரில் ஏறத்தாழ 100 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். இன்ஜின் இந்த வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத்தான் சக்கரத்தைச் சுற்ற வைக்கப் பயன்படுத்துகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகப் புகையோடு போய்விடும். மீதிப் பங்கு? அது இன்ஜினின் உடம்பிலேயே ஏறும். அதாவது, ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலுக்கும் 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு சூடு!

ஆனால் ஒரு சின்ன காரில் இருக்கும் தண்ணீர் எவ்வளவு தெரியுமா? ஐந்து லிட்டர் அளவுதான். இந்த ஐந்து லிட்டர், இன்ஜினில் சூட்டை வாங்கி, முன்பக்கம் உள்ள ரேடியேட்டருக்கு ஓடி, காற்றில் அதைக் கொட்டிவிட்டு, மறுபடி இன்ஜினுக்கு ஓடி வர வேண்டும். நிற்கவே கூடாது. நம் உடம்பில் ரத்தம் ஓடுகிறதே, அதே மாதிரி. ரத்தத்தை ஓட வைப்பது இதயம். காரில் தண்ணீரை ஓட வைப்பது வாட்டர் பம்ப்.

(மோட்டார் சைக்கிளில் இந்தத் தண்ணீர்த் தொல்லை இல்லையே என்று ஒரு சுட்டி கேட்பது காதில் விழுகிறது. பல பைக்குகளில் இன்ஜினைச் சுற்றி அடுக்கடுக்காகத் தகடுகள் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? காற்று பட்டே ஆறுவதற்காக வைத்தவை அவை. ஜெர்மனியின் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரும் காற்றால்தான் ஆறியது.)

கிணறு கிணறாக நின்ற கார்

முதல் காருக்கு வாட்டர் பம்பே கிடையாது! ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கரக் காரில், இன்ஜினைச் சுற்றித் தண்ணீர் இருந்தது. அது சூடாகும், கொதிக்கும், ஆவியாகிப் பறந்துவிடும். அவ்வளவுதான். ஆவியோடு சூடும் போய்விடும் என்பதுதான் யோசனை.

1888 ஆகஸ்டில் ஒரு நாள், கார்லின் மனைவி பெர்த்தா பென்ஸ் அவருக்குத் தெரியாமல் அந்தக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கூடப் போனவர்கள் யார் தெரியுமா? அவருடைய மகன்கள், 15 வயது யூஜினும் 13 வயது ரிச்சர்டும். மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்குப் பயணம். 100 கிலோமீட்டருக்கு மேல்! அதற்குமுன் யாரும் காரில் அவ்வளவு தூரம் போனதே இல்லை. வழியில் பெட்ரோல் பங்க் இருந்திருக்குமா? மருந்துக் கடையில்தான் எரிபொருள் வாங்கினார்கள்! மேட்டில் கார் ஏறாதபோது பையன்கள் இறங்கித் தள்ளினார்கள்.

அதைவிடப் பெரிய வேலை, தண்ணீர் ஊற்றுவது. ஊற்ற ஊற்ற ஆவியாகிக்கொண்டே இருந்தது. கிணறு, ஓடை, ஊர்க்குழாய் என்று எங்கே தண்ணீர் கண்டாலும் நிறுத்தி நிரப்ப வேண்டியிருந்தது. அந்தப் பையன்களைத் தண்ணீர் எடுத்து வரச் சொன்னால் எவ்வளவு முணுமுணுத்திருப்பார்களோ, நமக்குத் தெரியாது!

பிறகு ரேடியேட்டர் வந்தது. தண்ணீரை ஆவியாக்கி வீணடிக்காமல், ஆறவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு. 1901-இல் வந்த மெர்சிடிஸ் காருக்கு வில்ஹெல்ம் மேபேக் என்பவர் செய்த ரேடியேட்டரில் 8,000-க்கும் மேற்பட்ட குட்டிக் குழல்கள் இருந்தன. பார்க்கத் தேன்கூடு மாதிரியே இருக்கும்.

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1908-இல் 'மாடல் டி' என்ற காரைக் கொண்டுவந்தார். முதலில் செய்த ஏறத்தாழ 2,500 கார்களில் வாட்டர் பம்ப் இருந்தது. அப்புறம் அதை எடுத்தே விட்டார்! பம்ப் இல்லாமல் தண்ணீர் எப்படி ஓடும்? சூடான தண்ணீர் எடை குறைந்து மேலே ஏறும். ஆறிய தண்ணீர் கீழே இறங்கும். அந்த ஓட்டமே போதும் என்று முடிவு செய்தார்கள். பாகம் குறைந்தால் விலையும் குறையும், ரிப்பேரும் குறையும். 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மாடல் டி கார்கள் விற்றன.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். காலி இங்க் பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரும் நாலு சொட்டு இங்க்கும் விட்டு, ஒரு கண்ணாடிப் பாத்திரத்துக் குளிர்ந்த நீருக்குள் மெதுவாக இறக்கி வையுங்கள். இங்க் ஒரு சின்ன எரிமலை மாதிரி மேலே எழும்பும். (வெந்நீரை அம்மாவோ அப்பாவோ ஊற்றித் தரட்டும்.)

ஆனால் மாடல் டி-க்கு ஒரு கெட்ட பெயரும் இருந்தது. மலை ஏறினால் கொதித்துவிடும்! தானாக மேலே ஏறும் தண்ணீர் மெதுவாகத்தான் ஏறும். இன்ஜின் பெரிதாகப் பெரிதாக அந்த மெதுவோட்டம் போதவில்லை. ஃபோர்டின் அடுத்த காரான 'மாடல் ஏ' 1927 கடைசியில் வந்தபோது, அதில் பம்ப் திரும்பி வந்துவிட்டது.

பெல்ட்டில் கட்டிய பம்ப்

அந்தப் பம்ப் எப்படி வேலை செய்கிறது? ஒரு டம்ளர் தண்ணீரை ஸ்பூனால் வேகமாகக் கலக்குங்கள். நடுவில் பள்ளம் விழும். ஓரத்தில் தண்ணீர் மேலே ஏறும். மழையில் நனைந்த குடையைச் சுற்றினால் துளிகள் வெளிப்பக்கம் தெறிக்கும். பம்புக்குள்ளும் இதுதான் நடக்கிறது. உள்ளங்கை அளவு ஒரு இறக்கைச் சக்கரம் சுற்றுகிறது. நடுவில் வரும் தண்ணீரை ஓரத்துக்கு வீசுகிறது. ஓரத்தில் இருக்கும் வழியாகத் தண்ணீர் இன்ஜினுக்குள் பாய்கிறது.

அந்தச் சக்கரத்தைச் சுற்றுவது யார்? இன்ஜினேதான்! இன்ஜினின் சுழலும் தண்டிலிருந்து ஒரு ரப்பர் பெல்ட், பம்பின் கப்பியைச் சுற்றிப் போகிறது. இன்ஜின் சுற்றினால் பம்ப் சுற்றும். இதற்குப் பெயர் மெக்கானிக்கல் வாட்டர் பம்ப். எளிமை, மலிவு, உழைப்பு மூன்றும் உண்டு. இத்தனை வருடங்கள் கழித்தும் உலகத்தில் கோடிக்கணக்கான கார்களில் இதுதான் ஓடுகிறது.

அப்புறம் என்ன குறை?

சைக்கிள் டைனமோவை நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது டைனமோ வைத்த சைக்கிள் குறைந்துவிட்டது. தாத்தாவைக் கேட்டால் சொல்வார். வேகமாக மிதித்தால் விளக்கு பளீரென்று எரியும். மெதுவாக மிதித்தால் மினுக்கும். இருட்டான மூலையில் நின்றால், எப்போது வெளிச்சம் அதிகம் தேவையோ அப்போது, அணைந்தே போகும்! மெக்கானிக்கல் பம்பும் அப்படித்தான். அது காரின் சூட்டைப் பார்த்துச் சுற்றுவதில்லை; இன்ஜினின் வேகத்தை மட்டும் பார்த்துச் சுற்றுகிறது.

இதனால் மூன்று நேரங்களில் வம்பு.

முதலாவது, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது. இன்ஜின் குளிர்ந்து கிடக்கிறது. அது சீக்கிரம் சூடானால்தான் நல்லது. குளிர்ந்த இன்ஜின் பெட்ரோலை அதிகம் குடிக்கும், புகையும் அதிகம் விடும். தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கத் தெர்மோஸ்டாட் என்று ஒரு கதவு இருக்கிறது. (அதற்குள் இருப்பது மெழுகு! சூடானதும் மெழுகு உருகி விரிந்து கதவைத் தள்ளித் திறக்கும். அழகான கண்டுபிடிப்பு.) ஆனால் பெல்ட்டில் கட்டிய பம்ப் சும்மா இருக்குமா? இன்ஜினுக்குள்ளேயே தண்ணீரைக் கலக்கிக் கலக்கி, சிலிண்டர் சூடாவதைத் தாமதப்படுத்தும்.

இரண்டாவது, வேகமாகப் போகும்போது. நெடுஞ்சாலையில் காற்று ரேடியேட்டரில் தாராளமாகப் படுகிறது. பம்போ தேவைக்கு மேல் சுற்றுகிறது. இதில் ஒரு கணக்கு விஷயம் ஒளிந்திருக்கிறது. இந்த வகைப் பம்பின் வேகத்தை இரண்டு மடங்காக்கினால், அதைச் சுற்றத் தேவையான சக்தி இரண்டு மடங்கு ஆகாது. 2 x 2 x 2, அதாவது எட்டு மடங்கு ஆகும்! மூன்று மடங்கு வேகத்துக்கு 27 மடங்கு. நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றும் இன்ஜின் 6,000 சுற்றுக்குப் போனால்? நீங்களே பெருக்கிப் பாருங்கள். (விடை: 216 மடங்கு.) அத்தனையும் பெட்ரோல் செலவு!

மூன்றாவதுதான் நம் மலைப்பாதைக் கதை.

கால் நின்றதும் இதயம் நின்றால்?

பள்ளி மைதானத்தில் 200 மீட்டர் ஓடி முடித்து நிற்கிறீர்கள். கால் நின்றுவிட்டது. இதயம் நின்றுவிட்டதா? இல்லையே! 'திடும் திடும்' என்று இன்னும் பலமாக அடித்துக்கொண்டிருக்கும். ஓட்டத்தில் சேர்ந்த களைப்பைப் போக்கி, உடம்பைச் சாதாரண நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அது அமைதியாகும்.

உங்கள் இதயத்தை உங்கள் காலோடு ஒரு பெல்ட் போட்டுக் கட்டியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கால் நின்றதும்... அய்யோ!

பெரியப்பாவின் காரில் நடந்தது அதுதான். லாரிக்குப் பின்னால் ஊர்ந்தபோது இன்ஜின் சுமையோடு திணறியது. சூடு அதிகம். ஆனால் சுற்றும் வேகம் குறைவு. அதனால் பம்பும் மெதுவாகவே சுற்றியது. ரேடியேட்டரில் படக் காற்றும் இல்லை. தண்ணீர் கொதித்தது. பெரியப்பா இன்ஜினை நிறுத்தினார். பெல்ட் நின்றது, பம்ப் நின்றது, தண்ணீர் அப்படியே நின்றது. ஆனால் சிலிண்டரைச் சுற்றியுள்ள இரும்பு, தண்ணீரைவிட அதிகச் சூட்டில் இருந்தது. அந்தச் சூடு முழுக்க, ஓடாமல் நின்ற தண்ணீரில் இறங்கியது. அதனால்தான் முள் மேலே ஏறியது!

மூடியைத் திறந்திருந்தால்? உங்கள் வீட்டுப் பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆவி அடங்காமல் அம்மா அதன் மூடியைத் திறப்பார்களா? ரேடியேட்டரும் ஒரு குக்கர்தான். அதன் மூடி, உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அழுத்தம் இருப்பதால் உள்ளே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. 120 டிகிரி வரைகூடக் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும். 100 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும் தண்ணீர் ஒரே நேரத்தில் பொங்கி, நீராவியோடு முகத்தில் பீய்ச்சும். அந்த லாரி டிரைவரின் கையில் இருந்த தழும்பு அப்படி வந்ததுதான்.

இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கார்களில் இப்போது வெறும் தண்ணீர் ஊற்றுவதில்லை. கூலன்ட் என்ற திரவம் கலந்து ஊற்றுகிறார்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்று ஷர்பத் மாதிரி அழகான நிறத்தில் இருக்கும். பெரும்பாலும் அதில் இருப்பது எத்திலீன் கிளைகால். அதற்கு இனிப்புச் சுவை உண்டு; ஆனால் கொடிய விஷம்! தரையில் சிந்தியிருந்தால் நாய், பூனைகூட நக்கிவிடும். வீட்டில் கூலன்ட் கேனைத் தம்பி, தங்கைக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். அதைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

பெல்ட்டை அறுத்த பம்ப்

சரி, இதயத்தைக் காலிலிருந்து அவிழ்த்துவிட்டால்? பம்புக்குத் தனியாக ஒரு மின் மோட்டார் கொடுத்துவிட்டால்? அதுதான் எலக்ட்ரிக் வாட்டர் பம்ப்!

யோசனை புதிதல்ல. அமெரிக்காவில் 'டிராக் ரேஸ்' என்று ஒரு பந்தயம் உண்டு. கால் மைல், அதாவது சுமார் 400 மீட்டர் தூரம்தான். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஆனால் அடுத்த சுற்றுக்கு முன் இன்ஜினை ஆற வைக்க வேண்டும். இன்ஜினை ஓட்டாமலேயே தண்ணீரை மட்டும் சுற்ற விட எலக்ட்ரிக் பம்ப் அவர்களுக்கு வசதியாக இருந்தது.

சாலையில் ஓடும் சாதாரண கார்களுக்கு இதைப் பெரிய அளவில் கொண்டுவந்தது ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம். 2004-இல் வந்த அதன் 'என்52' என்ற ஆறு சிலிண்டர் இன்ஜினில் பெல்ட் ஓட்டும் வாட்டர் பம்ப் கிடையாது. மின்சாரப் பம்ப்தான். அது எடுத்துக்கொண்ட மின்சாரம் 200 வாட். மூன்று பழைய சீலிங் ஃபேன்கள் ஓடும் அளவுக்குத்தான்! இதே வேலைக்கு மெக்கானிக்கல் பம்ப் வைத்திருந்தால், முழு வேகத்தில் 2,000 வாட் வரை இழுக்கும் என்று அந்த நிறுவனம் கணக்குச் சொன்னது.

இந்தப் பம்புக்குக் கட்டளை போடுவது காரின் கம்ப்யூட்டர். காலையில் ஸ்டார்ட் செய்ததும், "கொஞ்சம் பொறு, இன்ஜின் சூடாகட்டும்" என்று பம்பை நிறுத்தி வைக்கும். டிராபிக்கில் நின்றுகொண்டிருந்தால் "வேகமாகச் சுற்று" என்று சொல்லும். இன்ஜினை அணைத்த பிறகும், சூடு அதிகம் இருந்தால் பம்பை இன்னும் கொஞ்ச நேரம் ஓட விடும். ஓட்டம் முடிந்தும் அடித்துக்கொண்டிருக்கும் இதயம் மாதிரி!

2009-இல் ஜப்பானின் டொயோட்டா ஒரு படி மேலே போனது. அந்த ஆண்டு வந்த மூன்றாம் தலைமுறை 'பிரியஸ்' காரின் இன்ஜினில் ஒரு பெல்ட்கூடக் கிடையாது. வாட்டர் பம்ப் உட்பட எல்லாமே மின்சாரத்தில். பிரியஸ் ஒரு ஹைபிரிட் கார். அதாவது பெட்ரோல் இன்ஜின், மின் மோட்டார் இரண்டும் உண்டு. ஓடும்போதே இன்ஜின் தானாக நிற்கும், தானாகக் கிளம்பும். பெல்ட்டில் கட்டிய பம்பாக இருந்தால், அதுவும் இப்படி நின்று நின்று ஓடும். பனி கொட்டும் நாடுகளில் இன்னொரு சங்கடமும் உண்டு. அங்கே காருக்குள் உட்காருபவர்களுக்குக் கதகதப்பு தருவது இன்ஜினில் சூடான தண்ணீர்தான். பம்ப் நின்றால் உள்ளே இருப்பவர்கள் நடுங்க வேண்டியதுதான்!

அப்படியானால் யார் ஜெயித்தது?

எலக்ட்ரிக் பம்ப்தான் உசத்தி என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது சரியாக இருக்காது. மெக்கானிக்கல் பம்பின் பக்கமும் நியாயம் இருக்கிறது.

எலக்ட்ரிக் பம்புக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? இன்ஜின் ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிறது. அது மின்சாரம் தருகிறது. அந்த மின்சாரம் மோட்டாரைச் சுற்றுகிறது. மோட்டார் பம்பைச் சுற்றுகிறது. பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றிப் போவது மாதிரி! ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சக்தி வீணாகும். இறக்கைச் சக்கரத்தை ஒரே வேகத்தில் சுற்றுவது என்று பார்த்தால், நேரடிப் பெல்ட்தான் சிக்கனம். எலக்ட்ரிக் பம்ப் மிச்சப்படுத்துவது வேறு வழியில்: தேவையில்லாத நேரத்தில் அது சுற்றுவதில்லை.

விலையும் இருக்கிறது. எலக்ட்ரிக் பம்புக்குள் மோட்டார், மின்னணுச் சுற்று எல்லாம் உண்டு. அதனால் விலை அதிகம். பல மெக்கானிக்கல் பம்புகளைத் தெருமுனை மெக்கானிக்கே கழற்றி மாட்டிவிடுவார்.

நோய் வந்தால் சொல்வதிலும் வித்தியாசம் உண்டு. மெக்கானிக்கல் பம்ப் கெடுவதற்கு முன் பெரும்பாலும் அழும்! உண்மையாகவே. அதன் உடம்பில் ஒரு சின்ன ஓட்டை வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால், அந்த ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசியும். 'கிர்ர்... கிர்ர்...' என்று பேரிங் சத்தமும் போடும். கவனமான டிரைவர் பார்த்துவிட்டு மாற்றிவிடுவார். எலக்ட்ரிக் பம்ப் பல நேரங்களில் சத்தமில்லாமல் சட்டென்று நின்றுவிடும். நல்லவேளை, கம்ப்யூட்டர் கண்டுபிடித்து விளக்கு எரிய விடும். இன்ஜின் சக்தியைக் குறைத்து, காரை மெதுவாக ஓட வைக்கும். அந்த விளக்கைப் பார்த்த பிறகும் ஓட்டிக்கொண்டே போனால் இன்ஜினின் தலைப்பாகம் சூட்டில் வளைந்துவிடலாம். அப்புறம் ரிப்பேர் செலவைக் கேட்டால் நமக்குச் சூடு ஏறும்.

எனக்கு எது பிடிக்கும் என்று கேட்கிறீர்களா? ஒரு லாரி நாள் முழுக்கப் பாரம் இழுக்கிறது. அதன் இன்ஜினுக்கு எப்போதும் நிறையத் தண்ணீர் ஓட வேண்டும். அதற்கு மெக்கானிக்கல் பம்பே போதும் என்பேன். நகரத்து நெரிசலில் நின்று நின்று போகும் காருக்கு எலக்ட்ரிக் பம்புக்குத்தான் என் ஓட்டு. சில நிறுவனங்கள் நடுவழி ஒன்றும் கண்டுபிடித்தன. பம்பைப் பெல்ட்டே ஓட்டும்; ஆனால் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இறக்கைச் சக்கரத்தின் மேல் ஒரு மூடி வந்து மூடிக்கொள்ளும். சக்கரம் சுற்றும், தண்ணீர் ஓடாது! சாமர்த்தியம்தான், இல்லையா?

இன்னொரு வகைக் காரில் பெரிய மெக்கானிக்கல், எலக்ட்ரிக் இரண்டுமே உண்டு. டர்போ இன்ஜின் கார்களில், புகையின் வேகத்தால் சுற்றும் ஒரு சக்கரம் இருக்கிறது. அது பயங்கரமாகச் சூடாகும். பெரிய பம்பைப் பெல்ட் ஓட்டும். கார் நின்ற பிறகு டர்போவை ஆற வைக்க மட்டும், ஒரு குட்டி எலக்ட்ரிக் பம்ப் தனியாக வேலை செய்யும்.

இன்ஜினே இல்லை, பம்ப் எதற்கு?

பேட்டரி காரில் பெட்ரோலும் இல்லை, நெருப்பும் இல்லை. அங்கே வாட்டர் பம்புக்கு என்ன வேலை?

இருக்கிறது! பேட்டரிக்கும் சூடு ஆகாது. நாம் வெயிலில் வாடுவது மாதிரி அதுவும் வாடும், குளிரிலும் சோர்ந்துவிடும். ஏறத்தாழ 20 முதல் 40 டிகிரிக்குள் இருந்தால் அதற்குச் சுகம். வேகமாகச் சார்ஜ் ஏற்றும்போது பேட்டரி நன்றாகச் சூடாகும். அப்போது கார் நின்றுகொண்டிருக்கும். சுற்றுவதற்கு எதுவும் இல்லை. பெல்ட் எங்கே மாட்டுவது? எலக்ட்ரிக் பம்பை விட்டால் வேறு வழியே இல்லை. நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் டாடா நெக்ஸான் மின்சாரக் கார் 2020-இல் வந்தது. அதன் பேட்டரியும் திரவத்தால்தான் ஆற வைக்கப்படுகிறது. பல மின்சாரக் கார்களில் மோட்டாருக்கும் இப்படி ஒரு திரவ ஓட்டம் உண்டு.

பெரியப்பாவின் கார் அன்று என்ன ஆனது என்று சொல்லவில்லையே! முக்கால் மணி நேரம் கழித்து, அதே துண்டால் மூடியைப் பிடித்து, மெதுவாகக் கொஞ்சம் திருகி, மிச்ச ஆவியை வெளியே விட்டுவிட்டு, முழுதாகத் திறந்தார். லாரி டிரைவர் கொடுத்துவிட்டுப் போன கேனிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினார். ஒரேயடியாக ஊற்றினால் சூடான இரும்பு விரிசல் விடும் என்று அந்த டிரைவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கார் கிளம்பியது. கொடைக்கானல் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. ஏரியைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த முறை உங்கள் தெருவில் ஒரு புதிய கார் வந்து நிற்கும்போது, டிரைவர் இறங்கிப் போன பிறகு, தள்ளி நின்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். சில கார்களில் 'விர்ர்...' என்று பெரிதாகச் சத்தம் வரும். அது ரேடியேட்டர் ஃபேன். அது நின்ற பிறகும் கொசு ரீங்காரம் மாதிரி மெல்லிய 'ஙொய்ங்...' கேட்டால், அது அனேகமாக நம் குட்டிப் பம்பாகத்தான் இருக்கும்!